எகொனியாவுக்குப் பின்னும் தொடரும் பெயர்கள்

நாளாகமத்தின் முதலாம் புத்தகத்துக்கு முன்னுரை எதுவும் கிடையாது. ஆதாம், சேத், ஏனோஸ் என்று பெயர்களில் தொடங்கி, ஒன்பதாம் அதிகாரம் வரைக்கும் பெரும்பாலும் பெயர்களாகவே போகிறது. ஆண்டுக்கு ஒருமுறை வேதாகமத்தை முழுவதும் வாசித்து முடிக்கும் வழக்கமுள்ள சேலத்துச் சபையார் பலர், இந்த இடத்துக்கு வந்ததும் பக்கங்களைப் புரட்டிவிட்டு, பத்தாம் அதிகாரத்தில் சவுலின் மரணத்திலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்குவதை நான் அறிவேன். நான்காம் அதிகாரத்தில் மட்டும் ஒரு நிறுத்தம் உண்டு, ஏனென்றால் யாபேசின் ஜெபம் அங்கே இருக்கிறது. "என் எல்லையைப் பெரிதாக்கி" என்ற அந்த வேண்டுதலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் வீடுகள் அஸ்தம்பட்டியிலும் சூரமங்கலத்திலும் எத்தனையோ உண்டு. அந்த ஜெபம் யூதா கோத்திரத்தின் வம்ச அட்டவணைக்கு நடுவில், ஒரு பெயருக்கும் இன்னொரு பெயருக்கும் இடையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அந்த வீடுகளில் பலர் கவனித்ததில்லை.

ஏற்காட்டில், காப்பிப் பழம் பறிக்கும் டிசம்பர் மாதத்தில், தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தாரின் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வெந்து காலத்து ஜெபக்கூட்டம் நடக்கும். அதில் வேதபாடம் நடத்த நான் மலையேறிப் போவதுண்டு. சென்ற முறை, இயேசுவின் வம்ச வரலாற்றோடு தொடங்கும் மத்தேயு முதல் அதிகாரத்தை எடுத்தபோது ஒரு சகோதரி, "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தப் பேருங்கள வாசிக்கறதுல நமக்கு என்னங்க இருக்குது? நேரா பதினெட்டாம் வசனத்துக்குப் போயிடலாமுங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு திரும்ப வேண்டியிருந்ததால் அங்கே சுருக்கமாகவே பதில் சொன்னேன். விரிவாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து பத்திரம் எழுதுவதே என் தொழிலாக இருந்தது. ஒரு கிரயப் பத்திரத்தில் நிலத்தின் நான்கெல்லையும் சர்வே எண்ணும் வருவதற்கு முன்னால், அந்த நிலம் விற்பவரின் கைக்கு எப்படி வந்தது என்று சொல்லும் பகுதி ஒன்று உண்டு. மேற்படி சொத்தானது எனது பாட்டனாருக்குக் கிரயம் பெற்ற வகையில் பாத்தியப்பட்டு, அன்னார் காலமான பின் அவருடைய ஏக வாரிசான எனது தகப்பனார் அனுபவித்து வந்து, என்று அது நீண்டுகொண்டே போகும். வாங்க வந்தவருக்கு அதை வாசிக்கப் பொறுமை இருக்காது. தொகையையும் எல்லையையும் பார்த்துவிட்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்பார். விவரம் தெரிந்த வக்கீலோ அந்தப் பகுதியைத்தான் வரிவரியாக விரல் வைத்து வாசிப்பார். அதில் ஒரு தலைமுறை விட்டுப்போயிருந்தால், ஒரு வாரிசின் பெயர் மறைக்கப்பட்டிருந்தால், பின்னால் எழுதியிருக்கும் எதுவும் வழக்குமன்றத்தில் நிற்காது. மத்தேயுவின் முதல் பதினேழு வசனங்களை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். ஆபிரகாமுக்கும் தாவீதுக்கும் கொடுக்கப்பட்ட வாக்கு யார் யார் கை வழியாக யாரிடம் வந்து சேர்ந்தது என்பதை முதலில் நிலைநாட்டிய பிறகுதான், பதினெட்டாம் வசனத்தில் பிறக்கிறவர் யார் என்று அந்தச் சுவிசேஷகர் சொல்லத் தொடங்குகிறார்.

தேவன் ஆபிரகாமோடு பேசிய வார்த்தைகளே இதைக் கேட்கின்றன. ஆதியாகமம் 12-இல் பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் அவனுக்குள் ஆசீர்வதிக்கப்படும் என்றார். 15-இல் அவனுடைய சந்ததிக்குத் தேசத்தைக் கொடுப்பதாகச் சொல்லி, பிளந்து வைக்கப்பட்ட மிருகங்களின் துண்டங்களுக்கு நடுவே புகையும் நெருப்புமாகத் தாமே கடந்துபோனார். உடன்படிக்கையின் மறுதரப்பான ஆபிராமோ அயர்ந்த நித்திரையில் கிடந்தான். 17-இல் அவனுக்கும் அவனுக்குப் பின்வரும் சந்ததிக்கும் தலைமுறை தலைமுறையாகத் தேவனாயிருப்பேன் என்றார். வாக்கைப் பெற்றவன் அதன் நிறைவைக் காண்பதற்கு முன்பே இறந்துபோவான் என்பது அந்த வாக்கிலேயே அடங்கியிருக்கிறது. ஆகையால் அடுத்தவன் யார், அவனுக்கு அடுத்தவன் யார் என்று யாராவது எழுதி வைத்துக்கொண்டே வர வேண்டியிருந்தது.

இந்தப் பட்டியல்களைப் பல காலம் வாசித்ததில் என் மனதில் உறுதிப்பட்டிருக்கும் கருத்து ஒன்று உண்டு. வம்ச வரலாறுகளில் நாம் நின்று வாசிக்க வேண்டியது, அவை அறுந்துபோயிருக்க வேண்டிய இடங்களில். சரளமாக ஓடும் வசனங்கள் மனிதருடைய பிறப்பைச் சொல்கின்றன. ஓட்டம் தடைபடும் வசனங்களில்தான் உடன்படிக்கை செய்தவர் யார் என்று தெரிகிறது.

முதல் தடை ஆபிரகாமின் வீட்டிலேயே இருக்கிறது. ஆதியாகமம் 11-இல் சேமில் தொடங்கி ஆபிராம் வரைக்கும் பத்துத் தலைமுறைகள் தங்குதடையின்றி வருகின்றன. ஐந்தாம் அதிகாரத்துப் பட்டியலில் எட்டு முறை வருகிற மரித்தான் என்ற சொல், சேம் முதல் நாகோர் வரை எழுதப்பட்டிருக்கும் வரிகளில் வருவதில்லை. ஒருவன் இன்னொருவனைப் பெற்றான், பின்னும் குமாரரையும் குமாரத்திகளையும் பெற்றான் என்றே வரி வரியாக நகர்கிறது. இப்படி வந்த நடை, தேராகின் வீட்டை அடைந்ததும் முப்பதாம் வசனத்தில் மோதி நிற்கிறது: சாராய்க்குப் பிள்ளையில்லை, அவள் மலடியாயிருந்தாள். அதற்குப் பிறகு இரண்டே வசனங்கள். உடனே பன்னிரண்டாம் அதிகாரத்தில் சந்ததியைப் பற்றிய வாக்கு வருகிறது. பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டே வந்த ஒன்பது தலைமுறைகளில் யாருக்கும் கொடுக்கப்படாத வாக்கு, பிள்ளையில்லாத வீட்டுக்குக் கொடுக்கப்பட்டது. ஈசாக்கின் மனைவியும் மலடியாயிருந்தாள். நாற்பது வயதில் மணம் முடித்தவன் அறுபது வயதில்தான் பிள்ளை முகம் கண்டான். ராகேலுக்கும் அதே துயரம். பிள்ளையில்லாத பெண்ணை விசேஷ வீட்டில் பின்வரிசைக்குத் தள்ளும் பழக்கம் சபைக்குள்ளும் இன்னும் முற்றாக ஒழியாத நம் ஊரில், இந்த மூன்று தாய்மார்களைப் பற்றிப் பிரசங்கங்களில் இன்னும் அதிகமாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாக்குத்தத்தம் ஈசாக்கின் வழியில் போனதால் இஸ்மவேல் மறக்கப்படவில்லை. ஆதியாகமம் 25-இல் அவனுடைய பன்னிரண்டு குமாரரும் பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கிறார்கள்; பன்னிரண்டு பிரபுக்களைப் பெறுவான் என்று தேவன் சொல்லியிருந்த வார்த்தை அப்படி நிறைவேறிற்று. ஏசாவுக்கு 36-ஆம் அதிகாரம் முழுவதும் கொடுக்கப்பட்டிருக்கிறது. பங்கு பிரித்த பிறகு மற்றக் கிளையின் பெயரையே குடும்பத்தில் உச்சரிக்காத வழக்கத்தை நிறையப் பார்த்த எனக்கு, அந்த அதிகாரத்தின் நீளமே ஒரு செய்தியாகப் படுகிறது.

எண்ணாகமம் 26-இல் மோவாபின் சமவெளியில் ஜனங்கள் எண்ணப்பட்டு 6,01,730 பேர் என்று கணக்கிடப்பட்டார்கள். அந்தக் கணக்கின்படியே தேசம் பங்கிடப்பட இருந்ததால், பெயர் இல்லாதவனுக்குக் காணியும் இல்லை. அப்போது செலொப்பியாத் என்பவனுடைய குமாரத்திகளாகிய மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்ற ஐவரும் மோசேயின் முன்பாக வந்து நின்றார்கள். குமாரன் இல்லை என்பதற்காக எங்கள் தகப்பனுடைய பெயர் அவருடைய வம்சத்தில் அற்றுப்போகலாமா என்பது அவர்களுடைய கேள்வி. மோசே தானாக எதுவும் தீர்ப்புச் சொல்லாமல் அந்த நியாயத்தைக் கர்த்தருடைய சந்நிதிக்குக் கொண்டுபோனான். அவர்கள் பேசுவது சரி என்று அங்கிருந்து பதில் வந்தது. இன்னும் யோர்தானைக் கடக்கவில்லை, ஒரு சாண் நிலம்கூடக் கைக்கு வரவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். காணாத தேசத்தில் பங்கு கேட்ட அந்தப் பெண்கள், தேசம் கிடைக்கும் என்ற வாக்கை அங்கே நின்ற ஆண்கள் பலரைவிட உறுதியாக நம்பியிருந்தார்கள். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு நடைமுறையில் இருக்கும் 1925-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சமமான பங்கைத்தான் கொடுக்கிறது. இருந்தும் கல்யாணத்துக்குச் செய்த சீரைக் காரணம் காட்டித் தங்கைகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கும் அண்ணன்மார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எண்ணாகமம் 27-ஐ ஒருமுறை உரக்க வாசிக்க வேண்டும்.

பட்டியல்களில் சில பெயர்கள் விடுபட்டிருப்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். மத்தேயு, யோராம் உசியாவைப் பெற்றான் என்று எழுதும்போது இடையிலுள்ள அகசியா, யோவாஸ், அமத்சியா என்ற மூன்று ராஜாக்களைத் தாண்டிப் போகிறார். எஸ்றா ஏழாம் அதிகாரத்தில் தன் முன்னோரைச் சொல்லும்போது, நாளாகமம் ஆறாம் அதிகாரத்தில் இருக்கும் ஆறு பெயர்கள் அதில் இல்லை. பேரனையும் கொள்ளுப்பேரனையும் குமாரன் என்று சொல்வது அந்த ஜனங்களின் பேச்சு வழக்கு. இயேசுவையே தாவீதின் குமாரன் என்றுதானே அழைத்தார்கள்? வழிமரபைக் காட்டுவதற்காக எழுதப்பட்ட பட்டியலை வருடக் கணக்குப் போட எடுத்துக்கொண்டால் சிக்கல்தான் மிஞ்சும். 1650-இல் வெளிவந்த நூலில் பேராயர் ஜேம்ஸ் அஷர் இந்தப் பட்டியல்களைக் கூட்டி, உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று கணித்தார். அவருடைய உழைப்பை மதிக்கிறேன்; ஆனால் இந்தப் பெயர்கள் அந்தக் கேள்விக்காக எழுதப்பட்டவை என்று நான் நினைக்கவில்லை.

அறுந்துபோகும் ஆபத்து அச்சமூட்டும் அளவுக்கு வந்த காலம் பாபிலோனியச் சிறையிருப்பு. அந்தச் சிறையிருப்பின் நடுவில் நிற்கும் பெயர் எகொனியா. யோயாக்கீன் என்றும் கோனியா என்றும் வேதம் அழைப்பது இவனைத்தான். பதினெட்டு வயதில் எருசலேமில் ராஜாவானான், மூன்று மாதம் அரசாண்டான், கி.மு. 597-இல் தன் தாயோடும் பிரதானிகளோடும் நேபுகாத்நேச்சாரிடம் வெளியே வந்து தன்னை ஒப்புக்கொடுத்தான். அவனுடைய இடத்தில் சிற்றப்பன் சிதேக்கியா உட்கார வைக்கப்பட்டான். சில ஆண்டுகளில் நகரமும் ஆலயமும் எரிந்தன. சிதேக்கியாவின் குமாரர் அவன் கண்களுக்கு முன்பாக வெட்டப்பட்டார்கள், பிறகு அவன் கண்களும் பிடுங்கப்பட்டன. தாவீதின் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைபெற்றிருக்கும் என்று 2 சாமுவேல் 7-இல் நாத்தான் மூலமாகக் கொடுக்கப்பட்ட வாக்கு, பாபிலோனின் சிறையில் கிடந்த ஒரு வாலிபனைத் தவிர வேறு ஆதாரம் இல்லாத நிலைக்கு வந்துவிட்டது. உமது அடியானோடு பண்ணின உடன்படிக்கையை ஒழித்துவிட்டீரே என்று 89-ஆம் சங்கீதக்காரன் தேவனுடைய முகத்துக்கு நேராகவே கேட்கிறான்.

அந்த வாலிபனைப் பற்றியும் நல்ல வார்த்தை இல்லை. கோனியா என் வலதுகையின் முத்திரை மோதிரமாயிருந்தாலும் கழற்றி எறிவேன் என்று எரேமியா 22-இல் கர்த்தர் சொல்கிறார். அதைத் தொடர்ந்து முப்பதாம் வசனத்தில் வரும் கட்டளை என்னைப் போன்ற தொழில்காரனுக்குத் தூக்கிவாரிப்போடும். இந்த மனுஷன் சந்தானமற்றவன் என்று எழுதுங்கள், இவன் வித்தில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் வீற்றிருந்து அரசாளப்போவதில்லை என்கிறது அந்த வசனம். பதிவேட்டில் எழுதச் சொல்கிறார். வாரிசு இல்லை என்று அங்கே எழுதிவிட்டால் அந்தக் கிளை அதோடு முடிந்தது.

ஆனால் எகொனியாவுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். பாபிலோனைத் தோண்டிய ஜெர்மானிய ஆய்வாளர் ராபர்ட் கோல்டெவே 1899 முதல் 1917 வரை அங்கே பணி செய்தார். அவருடைய குழுவினர் அரண்மனை இடிபாடுகளில் எடுத்த களிமண் பலகைகளில், அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து யார் யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளக்கப்பட்டது என்ற கணக்குகள் இருந்தன. எர்ன்ஸ்ட் வைட்னர் 1939-இல் அவற்றைப் படித்து வெளியிட்டபோது, யூதா தேசத்து ராஜா யோயாக்கீனின் பெயரும், அவனுடைய ஐந்து குமாரருக்கு அளந்த எண்ணெயும் அதில் இருப்பது தெரியவந்தது. அவற்றில் ஒரு பலகை கி.மு. 592-ஐச் சேர்ந்தது. அந்தக் கணக்கை எழுதிய பாபிலோனியக் கணக்கனுக்குத் தாவீதும் தெரியாது, உடன்படிக்கையும் தெரியாது. கைதிகளின் பட்டியலில் ஒரு வரியாக, எண்ணெயின் அளவுக்காக, தாவீதின் வம்சம் இன்னும் உயிரோடிருக்கிறது என்பதை அவன் பச்சைக் களிமண்ணில் பதித்து வைத்தான்.

இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். சிறையிருப்பின் 37-ஆம் வருஷத்தில் ஏவில்மெரொதாக் என்ற ராஜா யோயாக்கீனைச் சிறையிலிருந்து எடுத்து, சிறைவஸ்திரங்களை மாற்றி, தன் பந்தியில் போஜனம்பண்ண வைத்தான். அந்தப் புத்தகத்தை எழுதியவர் வேறு ஆறுதல் எதையும் தன் வாசகருக்குச் சொல்லாமல் அதோடு நிறுத்திவிடுகிறார். நாளாகமக்காரர் அங்கே நிற்கவில்லை. மூன்றாம் அதிகாரத்தில் தாவீதின் குமாரரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், சந்தானமற்றவன் என்று எழுதப்பட வேண்டிய அந்தப் பெயரைத் தாண்டி, பாபிலோனில் பிறந்த அவனுடைய பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுகிறார். பேரன் செருபாபேலை எழுதுகிறார். செருபாபேலின் பிள்ளைகளையும் அவர்களுக்குப் பின் வந்தவர்களையும் எழுதி, ராஜாவும் சிங்காசனமும் இல்லாத எருசலேமுக்குத் திரும்பி வந்தவர்களின் கையில் அதைக் கொடுக்கிறார். வறண்ட பட்டியல் என்று நாம் தாண்டிப் போகும் அந்தப் பக்கத்தை, இடிந்த மதிலுக்குள் குடியிருந்த அந்த ஜனங்கள் எப்படி வாசித்திருப்பார்கள்!

செருபாபேலை நாளாகமம் பெதாயாவின் குமாரன் என்கிறது, ஆகாய் செயல்த்தியேலின் குமாரன் என்கிறது. பிள்ளையில்லாமல் இறந்த அண்ணனுக்காகத் தம்பி பெறும் பிள்ளை அண்ணனுடைய பெயரில் நிற்கும் என்ற உபாகமம் 25-இன் முறை இதற்குக் காரணமாக இருக்கலாம். அதைவிட முக்கியமானது ஆகாய் தீர்க்கதரிசி கி.மு. 520-இல் அவனுக்குச் சொன்ன வார்த்தை: உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன், உன்னைத் தெரிந்துகொண்டேன். தாத்தாவின் காலத்தில் கழற்றி எறியப்பட்ட அதே மோதிரம்! எரேமியாவின் வார்த்தைக்கும் ஆகாயின் வார்த்தைக்கும் இடையே ஏறத்தாழ எழுபது, எண்பது ஆண்டுகள் சென்றிருந்தன. இவற்றை எப்படிப் பொருத்துவது என்பதில் வேத மாணாக்கர் ஒருமனப்பட்டதில்லை. யோசேப்பு அந்த வம்சத்தின் சட்டப்படியான வாரிசு, இயேசுவோ அவனுடைய மாம்சத்தின் வித்தல்ல, ஆகையால் சாபமும் நின்றது வாக்கும் நின்றது என்பது ஒரு விளக்கம். சிறையிருப்பே பாவநிவிர்த்தியாக இருந்து அந்தத் தீர்ப்பை மாற்றிற்று என்பது யூத ரபீமார் தல்மூதில் சொல்லும் விளக்கம். முதல் விளக்கம் பத்திரத்துக்குப் பொருந்துகிற விளக்கம்தான். இருந்தாலும் என் மனம் ஆகாயின் பக்கமே சாய்கிறது. மோதிரத்தை எறிந்தவரே அதைத் தேடி எடுத்து அணிந்துகொள்கிறார் என்று எளிமையாக வாசிக்கவே எனக்கு விருப்பம்.

செருபாபேலுக்குப் பிறகு மத்தேயுவின் பட்டியலில் வரும் பெயர்களைச் சொல்கிறேன்: அபியூத், எலியாக்கீம், ஆசோர், சாதோக்கு, ஆகீம், எலியூத், எலெயாசார், மாத்தான், யாக்கோபு. இந்த ஒன்பது பேரைப் பற்றி வேதத்தில் வேறு எங்கும் ஒரு செய்தியும் இல்லை. பெர்சியர் ஆண்டார்கள், கிரேக்கர் ஆண்டார்கள், ரோமர் வந்தார்கள். இவர்களில் ஒருவனும் ராஜாவாகவில்லை. ஒருவன் மகனைப் பெற்று, அவனுக்கு முன்னோரின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்து இறந்துபோனான். அந்த மகனும் அப்படியே செய்தான். மத்தேயுவில் தாமாரையும் ராகாபையும் ரூத்தையும் உரியாவின் மனைவியையும் பற்றி எல்லாப் போதகர்களும் பேசிவிட்டார்கள். அவர்கள் பேசியது சரியானதே. இந்த ஒன்பது பேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதே என் வருத்தம்.

என் மாமியார் வீட்டில் கறுப்பு அட்டை போட்ட ஒரு பழைய வேதாகமம் இருக்கிறது. மல்கியா முடிந்து மத்தேயு தொடங்குவதற்கு முன்னால் வெறுமையாக விடப்பட்டிருக்கும் தாளில், அந்தக் குடும்பத்தின் பிறப்புகளும் ஞானஸ்நானங்களும் மரணங்களும் எழுதப்பட்டிருக்கின்றன. மேலே உள்ள வரிகள் கட்டைப் பேனாவால் எழுதப்பட்டு மை பழுத்துப் பழுப்பேறியவை; பிறகு நீல மை; கடைசி வரிகள் பால்பாயின்ட் பேனா. கையெழுத்து நான்கு முறை மாறுகிறது. ஒரு வரியில் பெயர் இல்லை. ஆண் குழந்தை, மூன்று நாள் என்று மட்டும் இருக்கிறது. பெயர் வைக்கக்கூட நேரம் கிடைக்காத பிள்ளையை ஒருவர் கணக்கில் சேர்த்திருக்கிறார். அந்தத் தாளைப் புரட்டினால் மறுபக்கத்தில் இயேசு கிறிஸ்துவின் வம்ச வரலாறு தொடங்குகிறது.

லூக்கா கொடுக்கும் வரிசை தாவீதுக்குப் பின் சாலொமோனை விட்டு, அவனுடைய சகோதரன் நாத்தான் வழியாக வருகிறது. இந்த வேறுபாட்டுக்கு மூன்றாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ எழுத்தாளர் யூலியு ஆப்பிரிக்கானு, மேலே சொன்ன அண்ணன் தம்பி முறையைக் கொண்டே விளக்கம் சொன்னார். லூக்கா எழுதியது மரியாளின் வழிமரபு என்று வேறு சிலர் சொன்னார்கள். இந்த விவாதத்தில் நான் நுழையவில்லை. லூக்கா தன் பட்டியலை எங்கே வைத்திருக்கிறார் என்பதுதான் என் கவனத்துக்கு உரியது. யோர்தானில் ஞானஸ்நானம் பெற்று, நீர் என்னுடைய நேசகுமாரன் என்ற சத்தம் வானத்திலிருந்து கேட்டவுடனே, கீழிருந்து மேலாக ஏறி, ஆபிரகாமையும் கடந்து, ஆதாம் தேவனால் உண்டானவன் என்பதில் போய் முடிக்கிறார்.

ஆபிரகாமைக் கடந்து போகும் அந்த வரிசை நமக்கு மிகவும் வேண்டியது. நம் நாட்டில் வம்சம் என்ற பேச்சு எடுத்தவுடனே ஜாதியும் கூடவே வந்துவிடுகிறது. கிறிஸ்தவ மணமக்கள் தேவை என்ற விளம்பரத்தில் சபையின் பெயருக்கு அடுத்தபடியாக எது கேட்கப்படுகிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆபிரகாம் எங்களுக்குத் தகப்பன் என்று சொல்லிக்கொள்ள நினையாதிருங்கள், இந்தக் கல்லுகளினாலே ஆபிரகாமுக்குப் பிள்ளைகளை உண்டுபண்ணத் தேவன் வல்லவர் என்று யோவான்ஸ்நானன் சொன்னதை, மத்தேயு தன் வம்ச வரலாற்றுக்கு இரண்டே அதிகாரம் தள்ளி எழுதியிருக்கிறார். முடிவில்லாத வம்சவரலாறுகளைக் கவனியாதிருக்கும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும் இந்தப் பெருமையை மனதில் வைத்துத்தான் என்று நம்புகிறேன். வேதத்தின் அட்டவணைகள் தேவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதற்குச் சாட்சி. அவற்றை யாருடைய ரத்தத்தின் உயர்வுக்கும் சாட்சியாக்க முடியாது.

சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலைகளில் குடியேறிய சகோதரர் மூவர் என்று சொல்வார்கள். ஏற்காட்டுக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் அப்படித் தங்கள் ஆதியைச் சொல்லக்கூடியவர்களும் உண்டு. தாத்தாவின் பெயருக்கு மேல் எதுவும் தெரியாதவர்களும் உண்டு. குடும்பத்தில் முதல் ஆளாக விசுவாசத்துக்கு வந்து, அதனாலேயே சொந்த வீட்டின் வாரிசுப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டவர்களும் உண்டு. எஸ்றா 2-இல் சிறையிருப்பிலிருந்து திரும்பிய ஆசாரியர் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாததால் ஆசாரிய ஊழியத்துக்கு விலக்கப்பட்டார்கள் என்று வாசிக்கும்போது, இப்படிப்பட்டவர்களுடைய முகம் எனக்கு நினைவுக்கு வரும். தேவனுடைய சித்தத்தைக் கேட்டறிய உதவும் ஊரீமும் தும்மீமும் உள்ள ஓர் ஆசாரியன் எழும்பும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும் என்று அதிபதி சொன்னான். அப்படியான ஆசாரியன் எழும்பியதாக அந்தப் புத்தகம் சொல்லவில்லை. எபிரெயர் ஏழாம் அதிகாரமோ, தாய் தகப்பன் வம்சவரலாறு எதுவும் எழுதப்படாத மெல்கிசேதேக்கின் முறைமைப்படியான ஒருவரை நமக்குக் காட்டுகிறது. அவருடையவர்களானவர்கள் ஆபிரகாமின் சந்ததியார், வாக்குத்தத்தத்தின்படி சுதந்தரர் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது, ரத்த உறவு எதையும் கேட்காமல் அந்த உரிமையை எழுதிக்கொடுக்கிறார்.

இந்தப் பொருளைப் பற்றி வேதத்தில் நான் அதிகமாக விரும்பும் இடம் 87-ஆம் சங்கீதம். அது ஏழே வசனங்கள் கொண்டது. எகிப்தையும் பாபிலோனையும் தம்மை அறிந்தவர்களுக்குள்ளே சேர்த்துச் சொல்வேன் என்று கர்த்தர் அதில் அறிவிக்கிறார். பெலிஸ்தியரும் தீரியரும் எத்தியோப்பியரும்கூடச் சீயோனில் பிறந்தவர்களாக எண்ணப்படுகிறார்கள். "கர்த்தர் ஜனங்களைப் பேரெழுதும்போது, இன்னான் அதிலே பிறந்தான் என்று அவர்களைத் தொகையேற்றுவார்" என்கிறது ஆறாம் வசனம். தாவீதின் பேரனைக் கைதியாக எழுதி எண்ணெய் அளந்து கொடுத்த பாபிலோன், அந்த வசனத்தின்படி, தாவீதின் நகரத்தில் பிறந்தவர்களின் பதிவேட்டில் ஏறுகிறது. பெயர்களை வாசிக்க வேண்டுமா என்று கேட்ட சகோதரிக்கு, மலையை விட்டு இறங்குவதற்கு முன் அந்தச் சங்கீதத்தைத்தான் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.